ராம்நாடு என்று சொன்னவள்

என் தங்கை சோலையம்மாள் யாரும் எதிர்பாராமல் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். புகுந்த வீட்டின் தெற்குப் பக்கத்து அறை, அதற்குத் தனி வாசல். பொதுக்கிணற்றில் தண்ணீர் இறைக்க அவளுக்கென்று ஒரு முறை. முக்கால் ஏக்கர் மிளகாய்க்காடு. தேவிபட்டினம் கடற்கரையில் கடை போட ஓர் இடம். அதை இரண்டு தடவை பிடுங்கினார்கள், இரண்டு தடவையும் திரும்ப வாங்கினாள். தன் பெயரிலேயே ரேஷன் கார்டு. கடைசியாக, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பெண்ணை அவளுடைய ஊருக்கு அனுப்பி வைத்தது.

கடைசியாகச் சொன்னதைத் தவிர, மற்றவற்றுக்காக அவள் பக்கத்தில் ஓர் ஆள் வந்து நின்றதில்லை. நான் அண்ணன். எங்கள் ஊரிலிருந்து அவளிடம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். தகவல் தெரிந்து நான் போய்ச் சேரும்போது காரியத்தை முடித்துவிட்டுக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருப்பாள். "என்னண்ணே இம்புட்டுத் தூரம்? சும்மாதான வந்த?" என்பாள். நானும் சும்மாதான் வந்தேன் என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு வருவேன்.

எங்கள் ஊர் அழகனேந்தல், உத்தரகோசமங்கைக்குத் தெற்கே. நெல் ஒரு போகம், மிச்ச நாளெல்லாம் மிளகாய். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் வெளியாள் வாயில் படும் பாடு கொஞ்சமல்ல. அழகனேந்தலை அலகநெண்டல் என்பார்கள். உத்தரகோசமங்கையை மூச்சு வாங்காமல் சொல்லி முடித்த வடநாட்டுக்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நாங்களே மங்கை என்று சுருக்கிக்கொள்கிறோம். தேவிபட்டினத்தைத் தேவ்பட்னா என்று கேட்டு வருவார்கள். ராமநாதபுரம் வெள்ளைக்காரன் நாக்கில் வராமல் ராம்நாடு ஆயிற்று. அவன் போய்விட்டான், ராம்நாடு போகவில்லை.

சோலை சிறுவயதில் ராமநாதபுரம் என்றுதான் சொல்வாள். பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் பேச்சு சுத்தம். 1974 தை மாதம் தேவிபட்டினத்துக்கு மேற்கே இருக்கும் ஆலங்கரையில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளையும் எங்களைப் போல மிளகாய் போடும் சம்சாரிதான். பெயர் ராமநாதன். தாலி ஏறிய நாளிலிருந்து ராமநாதபுரம் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கேட்கிறவர் யாராக இருந்தாலும், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்லிவிடுவார். பெயர் மட்டுமல்ல, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற எதுவும் ஆகாது. முருகன் பெண்டாட்டி முருங்கைக்காய்க்கு வேறு பெயர் வைத்திருந்ததை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க, ராமநாதன் பெண்டாட்டி ராமநாதபுரத்தில் என்ன செய்வாள்? வெள்ளைக்காரன் உடைத்துப் போட்டுப் போனது அவளுக்குக் கைகொடுத்தது. ராம்நாடு என்று சொன்னால் புருஷன் பெயர் முழுதாக வராது. மற்றவர்கள் வாய்க்குச் சுலபம் என்று ராம்நாடு சொல்வார்கள். இவள் ஒருத்திதான் பயந்து சொன்னாள்.

ராமேஸ்வரமும் பாதிக்குப் பாதி அதே பெயர். அதைத் தீவு என்றாள். ஒருமுறை பஸ்ஸில், "தீவுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

"எந்தத் தீவும்மா? சிலோனா? அதுக்கு இந்தப் பஸ்ஸு போகாதே" என்றானாம் கண்டக்டர்.

"பாலம் தாண்டி இறக்கிவிடுங்க, போதும்."

"பாலம் தாண்டுனா பாம்பன் இருக்கு, தங்கச்சிமடம் இருக்கு. வாயைத் தொறந்து ஊரைச் சொல்லும்மா."

"கோயில்ல இருபத்திரண்டு தீர்த்தம் ஊத்துவாகளே, அந்த ஊரு."

கண்டக்டர் சிரித்துவிட்டான். "சரி சரி, புரியுது. வீட்டுக்காரரு பேரு ராமசாமியா, ராமலிங்கமா?" என்று கேட்டுச் சீட்டைக் கிழித்தானாம். இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

1979இல் ராமநாதன் குஜராத் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போனான். ஆள் பிடித்துப் போன மேஸ்திரி இந்தக் கடற்கரைப் பக்கத்து ஆள்தான். முதல் வருஷம் கடுதாசி வந்தது. பிறகு நின்றுவிட்டது. அங்கே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்றார்கள், காய்ச்சலில் போய்விட்டான் என்றார்கள், கப்பல் ஏறிவிட்டான் என்றும் சொன்னார்கள். நான் மேஸ்திரி வீட்டுக்கு மூன்று தடவை போய் விசாரித்தேன். உறுதியாக ஒன்றும் தெரியவில்லை. இவர்களுக்குப் பிள்ளையும் இல்லை.

எங்கள் அய்யா அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வரப் போனார். அவள் வரவில்லை. கொழுந்தன் வேல்சாமி, "அண்ணன் இல்லாத வீட்டுல நீ என்னத்துக்கு மதினி?" என்று கேட்டான். "உங்கண்ணன் திரும்பி வந்தா எந்த வாசலுக்கு வருவாக? அழகனேந்தலுக்கா வருவாக?" என்று கேட்டுவிட்டு, தெற்கு அறையில் தன் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டாள். அங்கிருந்துதான் மேலே சொன்ன வழக்கெல்லாம் ஆரம்பித்தது. ஒவ்வொன்றையும் விரித்து எழுதினால் இது பஞ்சாயத்துக் கதையாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களுக்கு நவதானியம் போடுவார்கள். சோலை தானியப் பொட்டலமும் டீயும் விற்றாள். பக்கத்துக் கடை மஹ்மூது பாயுடையது. சங்கு, சிப்பி மாலை வியாபாரம். யாத்திரைக்காரர்களிடம் பேசிப் பேசி அவருக்குக் கடை இந்தி வரும். பகலெல்லாம் ஆயிரம் பேர் அவள் முன்னால் கடந்து போவார்கள். "ஒரு பொட்டலம்", "ரெண்டு டீ", அதற்கு மேல் ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. வீட்டிலோ வேல்சாமி குடும்பம் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தது. சில நாள் எந்த வேலையும் இல்லாமல் பஸ் ஏறி ராம்நாடு வரை போய், ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவாளாம். எதற்கு என்று கேட்டேன். "சனம் பேசுறதக் கேட்டுட்டு வருவேண்ணே. பஸ்ஸுல ஒக்காந்தா பக்கத்துல ஒரு ஆளு இருக்குமில்ல?" என்றாள்.

1992இல் அறிவொளி வகுப்பு வந்தபோது அவள்தான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். ஆள் கூடுகிற இடம் என்பதும் ஒரு காரணம். சொல்லிக்கொடுத்தது செவ்வந்தி என்ற பக்கத்துத் தெருப் பெண். சோலை எழுத்துக் கூட்டப் பழகினாள்; சிலேட்டில் தன் பெயரை எழுதுவாள், அழிப்பாள். ஆனால் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் பெருவிரலைத்தான் நீட்டினாள். செவ்வந்திக்குக் கோபம். "இம்புட்டுப் படிச்சும் கைநாட்டா அத்தை? எனக்குல்ல அசிங்கம்!" என்றாள். "என் பேரை எழுதுனா பக்கத்துல அவுக பேரையும் எழுதச் சொல்லுவாகத்தா. எழுதுனாலும் சொன்ன மாதிரிதான?" என்றாள் சோலை. வாயால் சொல்லாததைக் கையாலும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருக்கும்வரை அவன் எங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறான் என்பது அவள் கணக்கு. அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

1997 தை அமாவாசை. வடக்கேயிருந்து டூரிஸ்ட் பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. பொழுது சாய்ந்து எல்லாம் போன பிறகு, கடற்கரையில் ஒரு பெண் மட்டும் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். கை இரண்டிலும் முழங்கை வரை பச்சை குத்தியிருந்தது, கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். சோலை டீ கொடுத்தாள். மஹ்மூது பாய் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "இது நம்ம இந்தி இல்ல. வேற எதோ. பத்துக்கு ரெண்டு புரியுது" என்றார். பெயர் பைசாகின் என்று தெரிந்தது. எங்கள் வாய் அதை அன்றைக்கே வைகாசியம்மா ஆக்கிவிட்டது. பிறகு ஊர் எது என்று கேட்டார். அவள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். திரும்பத் திரும்பக் கேட்டும் அதேதான். கை நீட்டி "மகாநதி, மகாநதி" என்று மட்டும் சொன்னாள்.

"மகாநதி என்ன நம்ம வைகையா? ரெண்டு மாநிலத்துல ஓடுது. அது கரையில எங்கிட்டுன்னு தேட?" என்றார் பாய்.

போலீஸிலும் சொன்னார்கள். அவர்களும் கேட்டுப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டாள். பாவம், ஊரை மறந்துவிட்டது, மூளை கொஞ்சம் குழம்பியிருக்கிறது என்று முடிவாயிற்று. மதுரையில் ஒரு விடுதிக்கு அனுப்பலாம் என்றபோது, "ஆளு வர்றவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்று சோலை கூட்டிப் போய்விட்டாள்.

ஒரு வருஷம் இருந்தாள். அந்த வருஷத்தில் நான் போனபோதெல்லாம் தெற்கு அறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. இவள் தமிழில் பேசுவாள், அவள் தன் பாஷையில் பேசுவாள், இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள். வடநாட்டுக்காரிக்கு ரொட்டிக்கு என்ன செய்வது என்று சோலை முதல்நாள் முழித்திருக்கிறாள். காலையில் அவளே பானையைத் திறந்து பார்த்து, நீச்சத்தண்ணியில் சோற்றைப் பிசைந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டாளாம். "நம்ம ஊரு பொம்பளதாண்ணே. பாசை மட்டும் கோளாறு" என்றாள் சோலை. மிளகாய்ப் பழம் எடுக்க இருவரும் போவார்கள். வைகாசியம்மா பச்சை குத்திய கையை வெயிலில் வீசிக்கொண்டு, கூடையைப் பிடிக்காமலே தலையில் வைத்து வரப்பில் நடப்பாள். ராம்நாடு ஸ்டாண்டுக்குப் போய் உட்காருவதை என் தங்கை நிறுத்திவிட்டாள்.

ஆனால் ஒவ்வோர் அமாவாசைக்கும் வைகாசியம்மா தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு, டூரிஸ்ட் பஸ்கள் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். கடைசிப் பஸ் கிளம்பும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். பிறகு எழுந்து வந்து மூட்டையை அவிழ்ப்பாள்.

அந்த வருஷக் கடைசியில் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். "கணவர் பெயர்?" என்று கேட்டதும் சோலை வழக்கம்போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கடல் பக்கம் திரும்பினாள்.

"ராமநாதன்னு எழுதுங்க டீச்சர்" என்றார் பாய். "இவ புருசன் பேரை இந்தக் கரையில இவளைத் தவிர எல்லாரும் சொல்லியாச்சு."

இதைப் பார்த்த வைகாசியம்மா கை தட்டிச் சிரித்தாள். தானும் முக்காட்டை இழுத்து வாயை மூடித் தலையைத் திருப்பிக் காட்டினாள். சோலையின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

சோலைக்கு அப்போதே விளங்கிவிட்டது. இந்தப் பெண் எதையும் மறக்கவில்லை. புருஷன் பெயர் அந்த ஊர்ப் பெயரில் இருக்கிறது. ஒரு வருஷமாக நாங்கள் அவளிடம் கேட்டது, சொல்லக்கூடாத ஒன்றை. டீச்சரும் பாயும் அங்கேயே நின்றிருந்தார்கள். சோலை ஒன்றும் சொல்லாமல் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்த மாதம் முழுக்கச் சொல்லவில்லை. பின்னால் என்னிடம், "சொன்னா போயிருவாளேண்ணே" என்றாள்.

1998 தை அமாவாசைக்கு அய்யாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க நான் தேவிபட்டினம் போயிருந்தேன். வைகாசியம்மா காலையிலேயே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் கூட்டம் கலைந்தது. மகாராஷ்டிரா பஸ் ஒன்றின் பக்கத்தில் சமையல்காரர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து சோலை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டு, "பாய், கொஞ்சம் வாங்க. அண்ணே, நீயும் வா" என்று நடந்தாள்.

வைகாசியம்மாவுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். "ஊரு எதுன்னு கேளுங்க பாய்."

"ஒரு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான தங்கச்சி இருக்கேன்."

"கேளுங்க."

பாய் கேட்டார். முக்காடு வாய்க்குப் போயிற்று. சோலை அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். தன் கழுத்திலிருந்த தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"ராமநாதன்" என்றாள்.

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கடையில் ஒரு சாமானின் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள். வைகாசியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். சோலை மறுபடி, "எங்க வீட்டுக்காரரு. ராமநாதன். நான் சொல்லிட்டேன்ல? நீயும் சொல்லு" என்றாள். பாய் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

வைகாசியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முக்காட்டை முகம் முழுக்க இழுத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள்: "புத்ராம்டோலா."

புத்ராம் என்பது புருஷன் பெயர். டோலா என்றால் குடியிருப்பு என்று பாய் சொன்னார். அந்தக் குடியிருப்பை ஏற்படுத்திய பாட்டனின் பெயரையே பேரனுக்கும் வைத்திருக்கிறார்கள். எங்கள் வாயில் அந்தப் பெயர் புத்திராம்தோலை என்றும் புத்தரந்தோலா என்றும் உடைந்தது. போலீஸ் ஸ்டேஷனில், மகாநதி ஓடுகிற ராய்ப்பூர் பக்கம் போன் போட்டபோது, "நம்ம சொன்னா அங்கன விளங்காது, அந்தம்மாவையே பேசச் சொல்லுங்க" என்று ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். மகாநதிக்கு அக்கரையில் இருக்கிறவனைக் கூப்பிடுவது போல அவள் கத்தினாள். மறுமுனையில் ஒரு குரல் அதை அப்படியே திருப்பிச் சொன்னது. தன் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டு ஒரு வருஷமாகிவிட்டதால், ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று வேல்சாமியின் மனைவி முருகேஸ்வரி, பேச்சை நிறுத்தியிருந்தவள், இதற்கென்று வாசலில் வந்து நின்றாள். "பேரைச் சொல்லிப்புட்டியாமே அக்கா? இனி எங்கிட்டு வர்றது அவரு?"

"வர்றவுகளா இருந்தா, பேரைச் சொன்னதுக்காகவா நிக்கப் போறாக?" என்றாள் சோலை. அவள் அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டது போல இருந்தது எனக்கு.

மார்ச் மாதம் அவளைக் கூட்டிப் போக ஆட்கள் வந்தார்கள். மகனோடு, வெள்ளை முண்டாசு கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர். அவர்தான் புத்ராம். ராமேஸ்வரத்தில் தலை எண்ணும்போதுதான் ஒரு ஆள் குறைந்தது தெரிந்ததாம். வழியில் நின்ற ஊர்களின் பெயர் யாருக்கும் சொல்ல வரவில்லை. தீர்த்தக் கிணறுகளிலும் கடலிலும் தேடிவிட்டு, ஊருக்குப் போன பிறகும் அந்த வருஷத்தில் இன்னொரு தடவை ராமேஸ்வரத்துக்கே வந்து தேடிப் போயிருக்கிறார். தேவிபட்டினம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் பாய் கேட்டுச் சொல்லச் சொல்ல, சோலை அந்த மனிதரின் காலில் ஒட்டியிருந்த தூசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேடி வந்த புருஷனை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்தாள்.

இதை நான் எழுதுவது 2009இல். வைகாசியம்மா போன பிறகு சோலையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ராமநாதனிடமிருந்து தகவல் இல்லை. அந்த வருஷமே அவள் மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள், இன்னும் போகிறாள். கண்டக்டர் கேட்டால் இப்போது ராமநாதபுரம் என்று முழுதாகச் சொல்லித்தான் சீட்டு வாங்குகிறாள். என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டேன். "இருக்கட்டும்ணே" என்றாள். தெற்கு அறையில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

ஸ்டேஷனில் நடந்ததை மட்டும் இன்னும் சொல்லவில்லை. வைகாசியம்மாவை ஒப்படைத்ததாக எழுதினார்கள். புத்ராம் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். வைகாசியம்மா சோலையின் முந்தானை நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரு ஒப்படைக்கிறது? நீங்கதானம்மா?" என்று கேட்டு, ஸ்டேஷன் ரைட்டர் அதே மை டப்பாவை இவள் பக்கம் நகர்த்தினார்.

"பேனா குடுங்க" என்றாள்.

"கையெழுத்துப் போடுவீங்களா? அப்ப வீட்டுக்காரரு பேரும் போடணும்."

"போடுறேன்."

குனிந்து, எழுத்தை ஒவ்வொன்றாக வைத்தாள். ரைட்டர் அவசரப்படுத்தவில்லை. பெயர் முடிந்ததும் நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த வரியில் அவன் பெயரையும் எழுதினாள். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை. சோலையம்மாள், க/பெ ராமநாதன், ஆலங்கரை. அதற்குக் கீழே தேதியையும் அவளே போட்டாள்: 19.3.1998.